பச்சை வாந்தி, உப்பிய வயிறு: குழந்தைகளின் பிறவிக் குடல் அடைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் பல வருஷம் தாதியாக வேலை பார்த்தவள் நான். டாக்டர் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டுப் போனதும் பாட்டி என் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்லிட்டுப் போறாரு?" என்று கேட்பார். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்தான் இவை. எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் முதல் இரண்டை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

பிறந்து சில நாளே ஆன குழந்தை பச்சையாக வாந்தி எடுக்கிறது. கொஞ்சம் காத்திருந்து பார்க்கலாமா?

கூடாது. இப்போதே கிளம்புங்கள்.

பால் குடித்த குழந்தை கக்குவது சகஜம். அது வெள்ளையாகவோ தயிர் தயிராகவோ இருக்கும். சீம்பால் குடிக்கிற முதல் சில நாள்களில் இளமஞ்சளாகவும் இருக்கலாம். ஆனால் கீரையை அரைத்துப் பிழிந்த மாதிரிப் பச்சையாக வந்தால் அது பித்தநீர். பித்தநீர் இரைப்பைக்குக் கீழே, முன்சிறுகுடலில்தான் வந்து சேர்கிறது. அதற்கு அப்பால் எங்கேயோ வழி அடைபட்டிருந்தால் கீழே இறங்க முடியாமல் மேலே ஏறி வாந்தியில் வருகிறது.

பச்சை வாந்தி எடுக்கிற எல்லாக் குழந்தைக்கும் அடைப்பு இருக்காது. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்து வீட்டுக்குத் திரும்பும் குழந்தைகளும் நிறைய உண்டு. ஆனால் குடல் முறுக்கிக்கொண்ட குழந்தை எது, சும்மா வாந்தி எடுத்த குழந்தை எது என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. முறுக்கிக்கொண்ட குழந்தையும் ஆரம்பத்தில் அமைதியாகத் தூங்கும், வயிறு மெத்தென்று இருக்கும், காய்ச்சலும் இருக்காது. வயிறு உப்பி, மலத்தில் ரத்தம் வந்து, உடம்பு வெளிறிப்போகும்போது குடலுக்கு ரத்தம் போவது ஏற்கெனவே நின்றிருக்கலாம். அதனால்தான் ஒரே ஒரு முறை பச்சையாக வந்தாலும் கிளம்பச் சொல்கிறேன். "வீண் அலைச்சல்" என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

எங்கே போக வேண்டும்? போய் என்ன சொல்ல வேண்டும்?

கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போங்கள். இரண்டிலும் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைப் பிரிவு இரவு பகலாகத் திறந்திருக்கும், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர்களும் இருக்கிறார்கள். கேகே, தேக்காவிலிருந்து நடக்கிற தூரம். மற்றது கெண்ட் ரிட்ஜ் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியது. பலதுறை மருந்தகத்தில் எண் வாங்கி உட்கார்ந்திருக்கும் விஷயம் இல்லை இது. குழந்தை துவண்டிருந்தால், வெளிறியிருந்தால், மூச்சு விடத் திணறினால் டாக்சி தேடாமல் 995-ஐ அழையுங்கள்.

வாந்தி பட்ட துணியைத் துவைத்துவிடாதீர்கள். அப்படியே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்து வாருங்கள். வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். "மஞ்சளா, பச்சையா?" என்று டாக்டர் கேட்கும்போது களைத்துப்போயிருக்கும் தாய்க்கு நினைவு குழம்பும், துணி குழம்பாது. பதிவு செய்யும் இடத்தில் "வாந்தி" என்று மட்டும் சொல்லாமல் "பச்சை வாந்தி, பிறந்து இத்தனை நாள்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லால் உங்களை முன்னால் கூப்பிடுவார்கள். டாக்டர் பார்க்கும்வரை பால் கொடுக்க வேண்டாம்.

குடல் எப்படி முறுக்கிக்கொள்ளும்?

கருவில் 6-ஆவது வாரம் வாக்கில் குடல் வயிற்றுக்குள் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் போய் வளர்கிறது. 10-ஆவது வாரம் வாக்கில் திரும்பி வருகிறது. இந்தப் பயணத்தில் அது தன் முக்கிய ரத்தக்குழாயை அச்சாக வைத்து 270 பாகை சுழன்று, பிறகு வயிற்றின் பின்சுவரில் அகலமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த அகலமான பிடிப்புதான் குடலை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கிறது.

சில குழந்தைகளுக்கு இந்தச் சுழற்சி பாதியிலேயே நின்றுவிடும். அப்போது பிடிப்பு குறுகலாகிறது. சிறுகுடல் கிட்டத்தட்ட முழுவதும் ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது, ரத்தக்குழாயும் அந்தக் காம்புக்குள்தான் ஓடுகிறது. குடல் ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் உணவு போகும் வழியோடு ரத்தம் போகும் வழியும் அடைபடும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். இந்தச் சுழற்சிக் கோளாறால் தொந்தரவு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது பிறந்த முதல் மாதத்திலேயே வருகிறது. சிலருக்கு ஒரு வயதுக்கு மேல், ஏன், பெரியவர்களான பிறகும்கூட வரலாம்.

சாதாரண எக்ஸ்ரே இதில் ஏமாற்றிவிடக்கூடும். எனவே மூக்கு வழியாகக் குழாய் விட்டு, எக்ஸ்ரேயில் தெரியும் திரவம் கொடுத்து, முன்சிறுகுடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். அது முதுகெலும்பின் இடப்புறம் ஏறி முடிய வேண்டும். வலப்புறமே இறங்கினால் சுழற்சி சரியில்லை என்று அர்த்தம். வயிற்று ஸ்கேனில் ரத்தக்குழாய்கள் சுழி போலத் தெரிந்தாலே சில சமயம் நேராக அறுவை அரங்குக்குப் போய்விடுவோம்.

பாஸ்டனில் இருந்த வில்லியம் லாட் என்ற அறுவை நிபுணர் 1936-இல் விவரித்த முறையைத்தான் இன்றும் செய்கிறார்கள். முறுக்கைப் பிரித்து, குடலை அழுத்தும் பட்டைகளை வெட்டி, அந்தக் குறுகிய காம்பை விரித்துவிட்டு, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைப்பார்கள். குடல்வாலையும் எடுத்துவிடுவது வழக்கம். ஏனென்றால் அது இனி இடப்பக்கம் போய்விடும், பின்னாளில் அங்கே வலி வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. குடலின் நிறம் தேறுமா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வெட்டி எறியாமல் மூடிவிட்டு, ஓரிரு நாளில் மறுபடி திறந்து பார்ப்பதும் உண்டு. அந்த இடைப்பட்ட நேரம் பெற்றோருக்கு மிகக் கொடுமையானது. ஆனால் காப்பாற்றக்கூடிய ஒவ்வொரு அங்குலத்துக்காகவும்தான் அந்தக் காத்திருப்பு. நீளமான பகுதி போய்விட்டால் குழந்தை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், ரத்தநாளம் வழியாகத்தான் ஊட்டம் பெற வேண்டியிருக்கும்.

பாட்டி இதை மாந்தம் என்கிறார். ஊரில் உரம் எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார். என்ன சொல்வது?

பாட்டியோடு சண்டை போடாதீர்கள். வார்டுக்கு வரும் குழந்தைகளில் பலரைப் பற்றி "இது சரியில்லையே" என்று முதலில் சொன்னவர் வீட்டுப் பெரியவர்தான். குளிப்பாட்டுகிறவர் அவர். வயிற்றைத் தினமும் தொட்டுப் பார்க்கிறவர் அவர். காலையில் தளர்வாக இருந்த அரைஞாண் கயிறு மாலையில் வயிற்றில் பதிந்து கோடு போட்டிருக்கிறது என்று ஒரு பாட்டி காட்டினார். எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடித்த வயிற்று உப்புசம் அது.

ஆனால் உரம் எடுப்பது, வயிற்றில் எண்ணெய் விட்டு நீவுவது, வசம்பு உரைத்துக் கொடுப்பது, ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் அடைப்பைத் திறக்காது. உப்பிய வயிற்றை நீவுவதும், குழந்தையைத் தலைகீழாகத் தூக்குவதும் ஆபத்து. திருஷ்டி சுற்றிப் போட வேண்டுமா, இரண்டு நிமிஷத்தில் சுற்றிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வெற்றிலைக் காம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலம் போகாத குழந்தைக்குக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைக்கும் பழக்கம் இங்கேயும் சில வீடுகளில் இருக்கிறது. வைத்ததும் காற்றும் மலமும் பீறிட்டு வரும், வயிறு வற்றிவிடும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். இரண்டு நாளில் மறுபடி உப்பும். இப்படி ஒவ்வொரு முறையும் தூண்டினால்தான் மலம் போகிறது, தூண்டியதும் பீறிட்டு வருகிறது என்றால் அதுவே அடுத்த கேள்வியில் சொல்லப்போகும் நோயின் அடையாளம். காம்பு வைத்தோம் என்று சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். அவருக்கு அது மிகவும் பயன்படும் தகவல்.

பிறந்து இரண்டு நாள் ஆகிறது, இன்னும் முதல் மலமே போகவில்லை. கவலைப்பட வேண்டுமா?

டாக்டரிடம் காட்டாமல் வீட்டுக்குப் போக வேண்டாம். நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளில் பெரும்பாலானோர் 24 மணி நேரத்துக்குள் கரும்பச்சையான முதல் மலத்தைக் கழித்துவிடுவார்கள். 48 மணி நேரம் தாண்டினால் ஹிர்ஷ்ப்ரங் நோயாக இருக்குமோ என்று பார்ப்பது வழக்கம். சுமார் 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது, ஆண் குழந்தைகளுக்கே அதிகம்.

குடல் தானாக அசைந்து மலத்தைத் தள்ளுவதற்கு அதன் சுவரில் நரம்பணுக்கள் வேண்டும். கருவில் இந்த அணுக்கள் மேலிருந்து கீழாக நகர்ந்து வந்து இடம் பிடிக்கின்றன. ஆசனவாய்வரை வந்து சேராமல் வழியில் நின்றுவிட்டால், அணுக்கள் இல்லாத கடைசிப் பகுதி எப்போதும் சுருங்கியே இருக்கும். அதற்கு மேலுள்ள பகுதி மலம் தேங்கி வீங்கும். கோபன்ஹேகனைச் சேர்ந்த ஹரால்டு ஹிர்ஷ்ப்ரங் 1886-இல் இதை விவரித்த பிறகு, வீங்கிய பகுதிதான் நோயுற்றது என்று பல பத்தாண்டுகள் நினைத்தார்கள். பார்வைக்குச் சாதாரணமாகத் தோன்றும் கீழ்ப்பகுதியில்தான் கோளாறு என்பதை வைத்து, அதை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் அறுவையை ஆர்வார் ஸ்வென்சன் 1948-இல் வெளியிட்டார். இன்றைய முறைகள் அதன் வழிவந்தவையே. பல குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியாகவே செய்துவிடுகிறார்கள்.

நோயை உறுதி செய்ய மலக்குடலின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்த இடத்தில் வலி உணர்வு இல்லாததால் சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படாமல் போகலாம்.

இந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வயிறு உப்பி, காய்ச்சலோடு, கெட்ட வாடையுடன் நீராகப் பீய்ச்சி மலம் போனால் அது வெறும் வயிற்றுப்போக்கு இல்லை. குடல் அழற்சி, உயிருக்கே ஆபத்தானது. அறுவை சிகிச்சை முடிந்து வருஷம் கழித்தும் வரலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவு.

கர்ப்ப ஸ்கேனில் "இரட்டைக் குமிழி" தெரிகிறது என்கிறார்கள். அப்படியென்றால்?

முன்சிறுகுடல் அடைபட்டிருந்தால் குழந்தை விழுங்கும் பனிக்குட நீர் இரைப்பையிலும் அடைப்புக்கு மேலேயும் தேங்கி இரண்டு குமிழிகளாகத் தெரியும். தண்ணீர் அதிகம் என்றும் சொல்லியிருப்பார்கள். 20-ஆவது வாரத்து ஸ்கேனில் தெரியாமல் பிந்திய மாதங்களில் தெரிவதும் உண்டு, அது ஸ்கேன் எடுத்தவரின் தவறில்லை.

இந்த அடைப்புள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 10-க்கு 3 பேருக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் குறை இருக்கிறது. அதனால் அதற்கான பரிசோதனை பற்றியும், இதய ஸ்கேன் பற்றியும் பேசுவார்கள். கேட்கக் கடினமாக இருக்கும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். மற்றபடி, முன்கூட்டியே தெரிவது குழந்தைக்கு நல்லது. குழந்தைகள் அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்தில் பிரசவம் பார்த்து, பிறந்ததும் வயிற்றைக் குழாயால் காலியாக்கி, சில நாளில் நிதானமாக அறுவை செய்யலாம். அடைப்பைத் தாண்டி மேலும் கீழும் உள்ள குடலை இணைத்துத் தைப்பதுதான் அறுவை.

வேறு என்னென்ன அடைப்புகள் உண்டு?

சிறுகுடலின் நடுப்பகுதி துண்டுபட்டோ மூடியோ இருக்கலாம். ஆசனவாயே இல்லாமல் பிறக்கலாம், அதைப் பிறந்த அன்றே பார்த்துவிடுவார்கள். சிறுகுடலில் மெக்கல் பை என்ற சிறு பிதுக்கம் 100-இல் 2 பேருக்கு இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் தராது, சிலருக்கு வலியில்லாத ரத்தப்போக்கையோ அடைப்பையோ உண்டாக்கும்.

குடலிறக்கத்தை மறந்துவிடாதீர்கள். டயப்பர் மாற்றும்போது தொடையிடுக்கில் அழும்போது வந்து போகும் வீக்கம் தெரிந்தால் டாக்டரிடம் காட்டி நாள் குறியுங்கள். அதே வீக்கம் கல்லாகி, உள்ளே போகாமல், குழந்தை வீறிட்டு அழுது வாந்தி எடுத்தால் அன்றே அவசரம்.

ஒரு குடல் இன்னொன்றுக்குள் செருகிக்கொள்வதும், இரண்டு மூன்று வாரக் குழந்தை பாலை எட்டப் பீய்ச்சி வாந்தி எடுப்பதும் பெரும்பாலும் பிறவிக் குறை அல்ல. ஆனாலும் அவற்றுக்கும் இதே வாசல்தான்.

கர்ப்பத்தில் நான் சாப்பிட்ட ஏதாவதுதான் காரணமா?

வார்டில் தாய்மார்கள் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள், மாமியார் வெளியே போன பிறகு. இல்லை. பப்பாளியும் இல்லை, அன்னாசியும் இல்லை, கிரகணத்தன்று வெளியே வந்ததும் இல்லை. வேலைக்குப் போனதும் இல்லை.

சிறுகுடல் துண்டுபடுவதற்குக் காரணம் என்ன என்று 1955-இல் தென்னாப்பிரிக்காவில் லோவ், பர்னார்டு என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். கருவிலிருக்கும் நாய்க்குட்டிகளின் குடலுக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டியபோது, அந்தக் குட்டிகள் இதே குறையோடு பிறந்தன. அதாவது கருவுக்குள்ளேயே நடந்த ஒரு ரத்த ஓட்டத் தடை. இந்தப் பர்னார்டுதான் 1967-இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தவர். வீட்டில் யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் டாக்டரை அவர்களிடமே பேசச் சொல்லிக் கேளுங்கள், தயங்காமல் பேசுவார். கணவர்களே, இதைக் கேட்பது உங்கள் வேலை.

அறுவைக்குப் பிறகு எப்போது பால் கொடுக்கலாம்?

குடல் விழித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். மூக்குக் குழாயில் வரும் பச்சை நீர் குறைந்து நிறம் மாறுவதையும், குழந்தை மலம் கழிப்பதையும் பார்த்துச் சொட்டுச் சொட்டாகத் தொடங்குவார்கள். அடைப்புக்கு மேலிருந்த குடல் பெரிதாக வீங்கியிருந்தால் வாரக்கணக்கில் ஆகலாம்.

அதுவரை பாலைப் பீய்ச்சிச் சேமித்து வையுங்கள். அறுவை ஆன குடலுக்குத் தாய்ப்பாலைவிட நல்லது கிடையாது. பால் வற்றிவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், வார்டில் பாலூட்டல் ஆலோசகரைக் கேளுங்கள். பிரசவப் பத்தியம் என்று தாயைக் காய வைக்கவும் வேண்டாம். ரசமும் பூண்டுக் குழம்பும் பரவாயில்லை, ஆனால் சோறு, மீன், முட்டை, கீரை எல்லாம் வயிறாரச் சாப்பிடட்டும்.

வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். அரைஞாண் கட்டலாமா?

சில குழந்தைகளுக்குக் குடலை வயிற்றில் திறந்துவிட்டு, மலம் சேர அதன்மேல் பை ஒட்டுவார்கள். அந்தப் பை இருக்கும்வரை வேண்டாம். கயிறு, குடலைத் திறந்துவிட்ட இடத்திலும் பையின் ஓரத்திலும் உரசிப் புண்ணாக்கும், பையும் பிய்ந்துவரும். கழற்றியதை ஒரு உறையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வையுங்கள், தாதிகள் யாரும் தடுக்க மாட்டார்கள். வெள்ளி அரைஞாணோ தாயத்தோ எக்ஸ்ரேயில் குறுக்கே விழும், படம் எடுக்கும் முன்பே அதைக் கழற்றிவிடலாம்.

வயிற்றில் தெரியும் குடல் சிவப்பாக, ஈரமாக இருப்பது சரியான நிலை. தொட்டால் குழந்தைக்கு வலிக்காது. கறுத்தாலோ வெளிறினாலோ உடனே கூப்பிடுங்கள். பேர் வைக்கும் விசேஷத்துக்கு வருகிறவர்களிடம் பையைக் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பெரும்பாலும் இது சில மாத ஏற்பாடுதான்.

செலவு எப்படி?

குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாக இருந்தால் பிறந்த நாள் முதல் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி உண்டு, பிறவிக் குறைபாடுகளும் அதில் அடக்கம். பழைய மெடிஷீல்டில் 2013 மார்ச் முதல்தான் அவற்றைச் சேர்த்தார்கள். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தையும் பயன்படுத்தலாம்.

வேலை அனுமதியில் இங்கே இருக்கும் குடும்பங்களுக்குத்தான் சிரமம். மானியம் கிடையாது, நிறுவனக் காப்புறுதியில் பிறவிக் குறைகளுக்கு விலக்கு இருக்கலாம். கர்ப்பம் தெரிந்ததுமே காப்புறுதிப் பத்திரத்தில் அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள். பில் வரும்வரை காத்திருக்காமல், சேர்த்த மறுநாளே மருத்துவ சமூக சேவையாளரைச் சந்திக்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள். பணத்துக்குப் பயந்து கிளம்பத் தாமதிப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஊருக்குக் கூட்டிப்போய்ச் செய்துகொள்ளலாமா?

குடல் முறுக்கு என்றால் அந்தப் பேச்சே வேண்டாம், விமானம் ஏறும் நேரம்கூடக் கிடையாது. ஹிர்ஷ்ப்ரங் போலக் கட்டங்களாகச் செய்யும் சிகிச்சையில், முதல் நெருக்கடி தீர்ந்த பிறகு அடுத்த அறுவையைச் சென்னையிலோ மதுரையிலோ செய்கிற குடும்பங்கள் உண்டு. நல்ல நிபுணர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அறுவைக் குறிப்பு, நுண்ணோக்கி அறிக்கை, எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று தெரியாமல் அடுத்தவர் தொடங்க முடியாது.

பின்னாளில் மற்றக் குழந்தைகள் மாதிரி வளருமா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பெரும்பாலானோர் நன்றாக வளர்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடுகிறார்கள். ஹிர்ஷ்ப்ரங் குழந்தைகளுக்கும் ஆசனவாய்க் குறையோடு பிறந்தவர்களுக்கும் மலச்சிக்கலோ கசிவோ சில வருஷம் தொடரலாம். அதற்குத் திட்டுவதும் வெட்கப்படுத்துவதும் வேண்டாம், வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

வயிற்றைத் திறந்த யாருக்கும் உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டு பிற்காலத்தில் அடைப்பு வரலாம். பத்து வயதானாலும் பச்சை வாந்தியும் வயிற்று வலியும் வந்தால் மருத்துவமனைக்குப் போய், பழைய அறுவையை முதலில் சொல்லுங்கள். விடுமுறைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போனாலும் அறுவைக் குறிப்பின் நகல் பயணப் பையில் இருக்கட்டும்.

அடுத்த குழந்தையைப் பொறுத்தவரை, குடல் சுழற்சிக் கோளாறும் சிறுகுடல் துண்டுபடுவதும் பெரும்பாலும் ஒரு குடும்பத்தில் ஒருவரோடு நின்றுவிடும். ஹிர்ஷ்ப்ரங்கில் உடன்பிறப்புக்கு வரும் வாய்ப்பு சராசரியாக 100-க்கு 4 அளவில் இருக்கிறது. நோய் நீளமான பகுதியைப் பிடித்திருந்தால் இன்னும் கூடும். மறுபடி கர்ப்பமாகும் முன்பு மரபணு ஆலோசனைக்குக் கேளுங்கள், பிரசவத்தின்போது மூத்த குழந்தையின் கதையைக் குழந்தை டாக்டரிடம் சொல்லி, முதல் மலம் எத்தனை மணிக்குப் போனது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள்.